நைஸ் என்ற சொல்லுக்கு ஒரு வரி இடம்

மழைநாள் பிற்பகல் என்றால் எனக்கு ஒரு நீலக்குடைதான் நினைவுக்கு வருகிறது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு அது. சிதம்பரத்தில் ஒரு மாடியறையில் நாங்கள் சிலர் ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். குடிகாட்டிலிருந்து பஸ்ஸில் வரும் என் பக்கத்து மேஜைப் பெண் அந்தக் குடையை விரித்தபடியே கதவோரம் காயவைப்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கையில் இருக்கும் சொல்தான் அந்த ஆளின் பெயர். 'நேம்' டீ குடிக்கப் போயிருக்கிறார், 'நெக்' இன்றைக்கு லீவு என்று பேசிக்கொள்வோம். அவருக்கு 'நைஸ்' வந்து சேர்ந்தது. மாவு நைஸாக அரைபட்டிருக்கிறது, ஆள் நைஸாக நழுவிவிட்டான் என்று தமிழிலேயே புழங்குகிற சொல். இதில் தேட என்ன இருக்கிறது என்று கேலி செய்தோம். அவரோ பழைய அகராதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே இறங்கிப் போய்விட்டார். மின்விசிறியின் அரைத்தூக்கச் சத்தத்துக்கு நடுவே அவர் மெதுவாக வாசிப்பது கேட்கும். முதலில் அதற்கு மடத்தனம் என்று பொருள். பிறகு ஒழுக்கக்கேடு, கூச்சம், எதிலும் குறை காணும் குணம், நுட்பம். 'நல்ல' என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. ஒரே சொல் இத்தனை பேராக வாழ்ந்திருக்கிறதா என்று மயக்கமாக இருக்கும். இப்போது கைப்பேசியில் தட்டினால் இதெல்லாம் நொடியில் வந்து விழுகிறது. அன்று ஒரு சொல்லுக்குள் நாள்கணக்கில் இருக்க முடிந்தது. நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

மாதக் கடைசியில் அவர் திட்டக்குடியில் வேறு வேலைக்குப் போவதாக இருந்தார். இந்த ஒரு சொல்லாவது தன் கையால் முழுசாக அச்சேற வேண்டும் என்று ஆசைப்பட்டார். அகராதியின் பதிப்பாசிரியர் ஒப்பவில்லை.

"வழக்கொழிஞ்சதையெல்லாம் போட்டா புத்தகத்தத் தூக்க முடியாதும்மா. பழசுல ஒண்ணே ஒண்ணு வச்சிக்க."

மறுநாள் முழுக்க, பழைய பொருள்கள் எழுதிய ஐந்து சீட்டுகளையும் மேஜையில் பரப்பிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிய பிறகு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கூச்சம்.

"ஏங்க இது?" என்றேன்.

"மத்ததெல்லாம் எப்படியாச்சும் பொழச்சிக்கும் சார். இதுதான், எனக்கும் ஒரு எடம் குடுங்கன்னு வாயத் தொறந்து கேக்காது."

அந்தச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாதம் முடிய இன்னும் நாலைந்து நாட்கள்தான் இருந்தன.

"என்ன சார், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"நல்லா இருக்குங்க" என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.