எல்லா வீட்டுக்கும் ஒரே இருட்டு

ஃபலனிகோ தன் நிழலைக்கூட நம்பாதவன். பிடித்த மீனைக் கரையில் குவித்து வீட்டுக்கு வீடு சமமாகப் பங்கு வைக்கும் இனாத்தியின்போது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பான். யாருக்காவது ஒரு வால் கூடுதலாகப் போனால் ஊரையே கூட்டிவிடுவான். அதில் தப்பில்லை; எங்கள் தீவில் சாமிக்கு அடுத்தது பங்குதான்.

டீசல் எஞ்சினை நிறுத்திச் சூரியத் தகடுகள் வைத்தபோதே முகத்தைச் சுளித்தான்.

"எஞ்சின்னா கத்தும். ஓடுதுன்னு காது சொல்லும். இது திருடன் மாதிரி சத்தமே இல்லாம இருக்கு."

"உன் வாய்க்குள்ள ஒரு எஞ்சின் ஓடுதே, அது போதாதா?" என்றேன். நான் அவனுடைய அத்தை மகள், கேட்க எனக்கு உரிமை உண்டு.

பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்பவன் அவனுடைய மச்சான் பெனி. அது வேறு எரிச்சல்.

அப்போது, எங்கள் தீவுக்குக் கப்பல் கிளம்பி வரும் சமோவாவில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. கடைசிக் கப்பலில் வந்த தடுப்பூசி மருந்து கிளினிக் குளிர்பெட்டியில் இருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் போடுவதாக நர்ஸ் சலோட்டே சொல்லியிருந்தாள். ஃபலனிகோவின் பேத்தி தினாவுக்கு அப்போதுதான் ஒரு வயது நிறைந்திருந்தது.

"முதல் ஆளா நிக்கணும். கடைசியில போனா தண்ணியக் கலந்து போட்டுருவாளுக" என்று மகளிடம் சொல்லி வைத்தான்.

அதற்குள் வானம் மூடிக்கொண்டது. பேட்டரி இறங்கவே, வீடுகளில் விளக்கும் குளிர்பெட்டியும் வேண்டாம் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். இவன் கோபித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை. மாலையில் பார்த்தால் ஊரெல்லாம் இருட்டு, பெனி வீட்டில் மட்டும் வெளிச்சம்.

"பாத்தியா? மீன்ல இப்படிப் பண்ணியிருந்தா கையை ஒடிச்சிருப்போம்!"

"போய் அவன்கிட்டயே கேளேன்."

"திருடன்கிட்டயே கேக்கணுமா?"

இதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். பேச்சுக்குப் பயந்து பெனி மறுநாளே தன் வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டான். பாவம். இவனுக்கு அதுவும் நாடகமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை ஊரே கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தபோது, இவன் பேட்டரி அறைக்குள் போய், பெனி வீட்டுப் பக்கம் போகும் கம்பியின் சுவிட்சை இறக்கினான். அந்தக் கம்பி பெனி வீட்டைத் தாண்டிக் கிளினிக்குக்குப் போகிறது. அதற்காகத்தான் பெரியவர்கள் அதை மட்டும் அணைக்காமல் விட்டுவைத்திருந்தார்கள். பாவி, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே! மறுநாள் ஞாயிறு, பூசை. கிளினிக் பூட்டிக் கிடந்தது; பேட்டரி அறைப் பக்கமும் யாரும் போகவில்லை.

திங்கள் காலை தினாவைத் தூக்கிக்கொண்டு அவன்தான் வரிசையில் முதலாவது. சலோட்டே குளிர்பெட்டியைத் திறந்தாள்.

"ஐயோ, சுடுதே! இந்த மருந்தை இனி நம்பிப் போட முடியாது."

"அப்ப வேற மருந்து எப்ப வரும்?" என்று கேட்டாள் அவன் மகள்.

"அடுத்த கப்பல்லதான். சீக்கும் அதே கப்பல்லதான் வரும்."

பேட்டரி அறையிலிருந்து பெனி ஓடி வந்தான். "யாரோ சுவிட்சை இறக்கியிருக்காங்க!"

நான் ஃபலனிகோவைத்தான் பார்த்தேன்.

"நான்தான்" என்றான் மெதுவாக.

மகள் அவன் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.