அம்மன் எல்லைக்கு வெளியே ஒரு வாலட்

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு மாமா, "போன்லதான்" என்றார். தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால், பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் தாய்மாமன் அவர். பழைய போர்க்கிணறு வற்றிவிட்டதால் புதிது போடச் சேர்த்த பணம் அது. பொள்ளாச்சித் தேங்காய் மண்டியில் யாரோ சொன்னார்கள் என்று அதைக் கிரிப்டோ நாணயமாக மாற்றி, ஒரு இணையதளத்தின் ஆன்லைன் வாலட்டில் போட்டுவைத்திருந்தார்.

எனக்குக் கணினிப் பாதுகாப்பில் வேலை. ஆபத்துகளை வரிசையாகச் சொன்னேன். ஒன்று, பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவி தளக்காரனிடம் இருக்கிறது. நம் பாஸ்வேர்டு, கதவைத் திற என்று அவனிடம் கேட்பதற்கு மட்டும்தான். இரண்டு, அவன் கடையைச் சாத்தினால் கேட்க ஆளில்லை. மூன்று, அதே முகப்போடு போலித் தளங்கள் உண்டு. நான்கு, யாராவது தளத்தை உடைத்தால் எல்லாருடைய பணமும் சேர்ந்து போகும். சாவியை நாமே வைத்துக்கொள்ளும்படி பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி இருக்கிறது, அதற்கு மாற்றிவிடலாம் என்றேன்.

மாமா பொறுமையாகக் கேட்டார். "எல்லாஞ் செரி கண்ணு. ஆனா பூக் கேட்டாச்சே."

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதென்றாலும் பெண் கொடுப்பதென்றாலும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்துக் கேள்வியைச் சொல்ல வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் என்றால் வேண்டாம். பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமா என்று மாமா கேட்டிருக்கிறார். வலப்பக்கப் பூ உடனே விழுந்ததாம்.

"எந்த எடம்னு சொன்னீங்களா மாமா?"

"ஏன், அவளுக்குத் தெரியாதாக்கும்?"

"போர்ல தண்ணி இல்லாதது தெரியுமான்னு அதையுங் கேட்டிருக்கலாம்ல" என்றார் அத்தை, சமையலறையிலிருந்து.

பூசாரியிடம் போனோம். கேட்டதையே மறுபடி கேட்பது மரியாதை இல்லை என்றார் அவர். கேள்வியே தப்பாக இருந்தால் என்று கேட்டேன். அது வேறு என்று ஒப்புக்கொண்டு, "பணம் எந்த ஊர்லங்க இருக்குது?" என்றார்.

"தெரியலைங்க. ஏதோ வெளிநாட்டுல, ஒரு கம்ப்யூட்டர்ல."

பூசாரி சாலைப் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம அம்மனோட எல்லை அதிர்த்தி செக்போஸ்ட் வரைக்குந்தானுங்க. அந்தாண்ட தமிழ்நாட்டுல அவிய அம்மன் பாத்துக்குவா. வெளிநாடெல்லாம் இவ கணக்குல வராதுங்க."

"அப்ப விழுந்த பூவு?" என்றார் மாமா.

"காத்துக்கு உழுந்திருக்குமுங்க."

நான் அடுக்கிய நான்கு காரணங்களுக்கும் அசையாத மாமா, பணம் காவல் இல்லாத இடத்தில் கிடக்கிறது என்றதும் ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

வீட்டில், நான் கொண்டுவந்திருந்த கருவியைத் தயார் செய்து, முதலில் சோதனைக்குச் சிறு தொகை அனுப்பினேன். வந்தது. மீதி முழுவதையும் அனுப்பப் போனபோது மாமா என் கையைப் பிடித்தார்.

"முழுசா வழிச்செடுக்காத கண்ணு. நெல்லுக் குதிர்லயே ஒரு கைப்பிடி உட்டுட்டுத்தான் எடுப்போம்."

"அது நம்ம குதிர் இல்லீங்க மாமா."

"யாருதா இருந்தா என்ன? வழிச்சா லச்சுமி போயிருவா."

தளத்திலேயே விட்டுவைக்க வேண்டிய தொகையை அவரே தட்டினார். அத்தை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது கைப்பிடியா மூட்டையா?"

"வெல ஏறிட்டிருக்கற காசு புள்ள. கையுங் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கோணும்."

தளம் அன்று மதியம் முழுக்க 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டியது. மாமா சாப்பிடாமல் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பணம் கருவிக்கு வந்து சேர்ந்தது. சில வாரங்களில் அந்தத் தளம் பராமரிப்பு வேலை என்று ஒரு பலகையை மாட்டியது. பிறகு பலகையும் தளமும், மாமா விட்ட கைப்பிடியோடு காணாமல் போயின.

கருவியில் இருந்ததை விற்று போர் போட்டோம். நல்ல தண்ணீர், ஆனால் பழைய மோட்டார் இழுக்காத ஆழம். மாமா விட்டுவைத்த கைப்பிடியில் ஒரு புது மோட்டார் வாங்கியிருக்கலாம் என்பது, போரில் குழாய் இறக்கி மூடிபோட்டுக் கையில் காசு தீர்ந்த பிறகுதான் கணக்கில் தெரிந்தது. பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்கர்காரர் எப்போதும்போல எங்கள் வாசலில் நிறுத்தி, "தண்ணி வந்துருச்சாமா, சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு ஹோஸை நீட்டினார். அத்தை குடத்தை வைத்தார்.