கதவு மூடாத வேகன்

2024 ஜனவரி 20, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மொட்டை மாடியில் வெப்பமானி இருபது டிகிரி காட்டியது. மேற்கே கல்வராயன் மலை இன்னும் இருட்டில் இருந்தது. பால் வாங்கி வந்து காபி போட்டு, மனைவியின் டம்ளரைத் தையல் மிஷின் பக்கத்தில் வைத்தேன். ஆறரைக்கு நாட்குறிப்பில் முந்தைய நாள் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதினேன். ஏழு மணிக்கு வேகன்களைப் பெட்டியில் அடுக்க உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் நில வரைபடம் வரைவது என் வேலை. வீட்டில் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி கூட்ஸ் வண்டியின் மூடு வேகன்களைச் செய்கிறேன். நிஜத்தில் எண்பத்தேழு மில்லிமீட்டர் இருப்பது என் மேஜையில் ஒரு மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் ஒரு வேகன் பதினைந்தரை சென்டிமீட்டர் நீளம் வரும். ஆறு வருஷத்தில் பத்து வேகன் செய்திருக்கிறேன். பத்துக்கும் வேகன் தொழிற்சாலையின் ஒரே வரைபடம்தான். ஆணித்தலைகளைக்கூட ஊசி முனையால் எண்ணி எண்ணி எழுப்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொய் உண்டு. நம் ஊர் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். அதை எண்பத்தேழால் வகுத்தால் பத்தொன்பதே கால் வரும். கடையில் கிடைக்கும் சக்கரமோ பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கானது. அது வெளிநாட்டுப் பாதையின் அளவு. அதனால் என் வேகன்கள் எல்லாம் இருக்க வேண்டியதைவிடக் குறுகலான காலில் நிற்கின்றன. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் இதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நானும்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் என்னைப் போல் குட்டி ரயில் செய்பவர்கள் கூடுவதாக இருந்தது. ஆளுக்குப் பத்து வேகன் கொண்டு வரலாம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஒரே வண்டியாக ஓட்டுவோம் என்று ஏற்பாடு. அதற்காக மரப்பெட்டிக்குள் தடித்த ஃபோம் வைத்து, பத்து வேகனுக்குப் பத்து குழி அளந்து வெட்டியிருந்தேன்.

பதினோராவது வேகன் ஒன்று அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அது என் மனைவி செய்தது.

பொங்கலன்று அதை என் மேஜையில் வைத்தாள். நான் அலுவலகம் போன பிறகு, ஜாக்கெட் வேலைகளுக்கு நடுவே, ஒரு மாதமாகச் செய்தாளாம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கதவு உடம்போடு ஒட்டாமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன் கீழ் ஓரம் சுருண்டிருந்தது. இடுக்கில் சணல் நார் போல ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. "கதவு சரியா ஒட்டல" என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தட்டில் வைத்தேன். அவள் மிஷினில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நாளாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று காலை மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "இன்னாங்க, எல்லாம் அடுக்கியாச்சா?"

"ஆச்சு."

"பத்தும் உங்களுதா?"

"பத்துதான் கொண்டாரச் சொல்லிக்கிறாங்க."

"நான் கேட்டது அது இல்ல." மிஷினை நிறுத்தினாள். "என்னுது கதவு ஒட்டலன்றீங்க. எந்த வண்டில ஒட்டிக்கினு கீது? ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

"வரைபடத்துல இருக்குது."

"உடம்பப் பாக்காம பேப்பரப் பாத்து ஜாக்கெட் தெச்சா அக்குள்ல புடிக்கும். உங்க வண்டிக்கு அதெல்லாம் இல்லியா?"

"நேர்லயே காட்டுறேன் வா" என்றேன். எனக்கும் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது.

சின்னசேலம் கூட்ஸ் ஷெட்டுக்கு ஸ்கூட்டரில் அரைமணி நேரம். வழியெல்லாம் கரும்பு லாரிகள். அவள் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை ஒரு வாடிக்கைக்காரி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனோம். பத்து ஐம்பதுக்கு ஷெட்டுக்குள் நுழைந்தோம். உர மூட்டை வந்த வண்டி ஒன்று நின்றிருந்தது. மூட்டை தூக்குபவர்களின் மேஸ்திரி, தலையில் துண்டு சுற்றியவர், என் மனைவியைப் பார்த்ததும் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"யக்கா! மறுபடி ஜாக்கெட்டு அளவு எடுக்க வந்துட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார்த்திகையில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குச் சின்னசேலம் போனவள், திரும்பும் வழியில் இங்கே இறங்கி, பையிலிருந்த தையல் டேப்பால் ஒரு வேகனையே அளந்திருக்கிறாள். அறுபது இஞ்சு டேப்பின் ஒரு முனையை மேஸ்திரி பிடித்துக்கொள்ள, எட்டு முழு டேப்பும் மேலே ஐம்பத்திரண்டு இஞ்சும் வந்ததாம். அவரே சொன்னார்.

"நாங்க சிரிச்சிக்கினே புடிச்சோம் சார். 'இடுப்பு அளவு வோணாமா?'ன்னு ஒருத்தன் கேட்டான். 'அகலத்தச் சொல்றியா, புடி'ன்னு அக்கா அவன் கையிலயே டேப்பக் குடுத்துட்டாங்க. நீங்கதான் அந்தக் குட்டி வேகன் செய்ற சாரா?"

"ஆமாங்க. இந்தக் கதவுதான் பாக்கணும்."

"கதவா?" அவர் பக்கத்து வேகனைக் கையால் தட்டினார். "எங்க மூடுது? கடப்பாரை போட்டு நெம்பித் தொறக்குறோம், கடப்பாரை போட்டு நெம்பி மூடறோம். அது எத்தினி நாளைக்கி நேரா நிக்கும்? அரிசி ஏத்துனா சந்துல சாக்க கிழிச்சி அடைப்போம். இல்லாட்டி மழைல தண்ணி பூந்து உள்ளயே சோறு வடிச்சிக்கலாம்."

நான் வண்டி ஓரமாக நடந்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு கதவு. பத்து வேகனில் இருபது கதவு பார்த்தேன். உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தவை மூன்று. மற்றவற்றில் கீழ் ஓரம் சுருண்டிருந்தது, அல்லது நடுவில் வயிறு தள்ளியிருந்தது. ஏழெட்டு இடுக்குகளில் மட்கிய சாக்குத் துண்டு இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆணித்தலைகள் நான் எண்ணியபடியே இருந்தன. ஆனால் பாதி துருவில் புதைந்து, எண்ணத் தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரிந்தன.

மனைவி என் பின்னாலேயே வந்தாள். கடைசி வேகனருகே வந்ததும் கேட்டாள். "சக்கரத்துல ரெண்டே முக்கா மில்லி கம்மி, அது பரவால்லன்றீங்க. என் கதவு மட்டும் உங்க கண்ணுல குத்திச்சா?"

"சக்கரம் கடைல அப்படித்தான் கெடைக்குது."

"எனக்கு ஷெட்ல அப்படித்தான் கெடச்சிது."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின், ஆறு வருஷமாக நான் எடுத்து வைத்திருக்கும் வேகன் படங்களைக் கணினியில் திறந்தேன். எல்லாம் இதே சின்னசேலத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் எடுத்தவை. ஆணி வரிசைகளில் சிவப்புக் கோடு போட்டு எண் எழுதியிருந்தேன். அதே படங்களில் கதவுகளும் இருந்தன. சுருண்டவை, துருத்தியவை, சாக்கு அடைத்தவை. ஒன்றின் மேலும் நான் கோடு போடவில்லை. தொழிற்சாலையில் வரைந்த படத்தை வைத்து, தொழிற்சாலையை விட்டு வெளியே வராத பத்து வேகன்களைச் செய்திருக்கிறேன். அவை தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஒரு மூட்டைகூட ஏற்றாதவை, அவ்வளவுதான்.

கீழ்த்தட்டிலிருந்து அவள் வேகனை எடுத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். 155.6 மில்லிமீட்டர். என்னுடையவை 155.4.

"இந்த நீளம் எப்பிடிப் புடிச்ச?"

"எட்டு டேப்பு, அம்பத்திரண்டு இஞ்சு. எண்பத்தேழால வகுத்தா ஆறே அரைக்கா இஞ்சு, ஆறு இஞ்சு ஒரு நூலு. ஏன், கம்மியா?"

"பாயிண்ட் ரெண்டு ஜாஸ்தி."

"டேப்பு பழசு. ஒரு நூலுக்குக் கீழ அதுல கோடு இல்ல."

"இந்த நார்?"

"மலையிலருந்து ஜாக்கெட்டு தெக்க வருவாங்களே ஒரு அம்மா, அவங்க சாமை கொண்டாந்த சாக்குல உருவினது. அளவு பெரிசுதான். அதவிட மெல்லிசா சாக்கு ஏது?"

சாமை வந்த சாக்கின் நார் எண்பத்தேழு மடங்கு பெருத்தால் கயிறு மாதிரி இருக்கும். ஆனால் இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தேன். ஷெட்டில் பார்த்த அதே இடுக்குதான்.

"நாளைக்கி பத்துல உன்னுது ஒண்ணு வருது" என்றேன்.

"எனக்காக ஒண்ணும் கொண்டுபோவ வேணாம்."

"உனக்காக இல்ல. அது சரியா இருக்குது."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை நூல் காதுக்குள் போகவில்லை. இரண்டாவது தடவை போயிற்று. "நடுவுல வையிங்க. கடைசில வெச்சா கூட்டத்துல கை பட்டு அந்தக் கதவு உடைஞ்சிடும்" என்றாள்.

என்னுடைய வேகன்களில் மூன்றாவதாகச் செய்ததை எடுத்து அலமாரியில், கீழ்த்தட்டில்தான், வைத்தேன். அந்தக் குழியில் அவளுடையதை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. துருத்திய கதவு ஃபோமில் இடித்தது. கொஞ்சம் அழுத்தினால் இறங்கியிருக்கும், கதவும் நேராகியிருக்கும். அதை வெளியே எடுத்து, நாட்குறிப்பின் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். பால் வாங்கப் போகுமுன், முதல் வேலையாக, மேஜை விளக்கைப் போட்டு, புது பிளேடால் அந்தக் குழியின் இடது ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் அகலமாக வெட்டினேன்.