குறை எனக்குத்தான்

கல்முனைக்குடிக்கு மேற்கே உள்ள வயல்களில் மருந்தடிப்பதுதான் என் தொழில். முதுகில் மாட்டிய மெசினிலிருந்து மருந்து கசிந்து சட்டையெல்லாம் நனையும். அதோடேயே சோறும் தின்பேன்.

கலியாணமாகிப் பல வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர் என் மனைவியைத்தான் பேசியது. அவள் செய்யாத சோதனையில்லை. கடைசியில் டாக்டர் என்னையும் சோதித்தார். விந்தணு மிகக் குறைவு, அடிக்கிற மருந்தும் காரணமாக இருக்கலாம் என்றார்.

பெருநாளன்று சொந்தக்காரர் நிறைந்திருந்த வீட்டில், என் மனைவி முன்னாலேயே உம்மா சொன்னா: "மகன், இன்னொரு கலியாணம் முடி."

"குறை அவக்கு இல்ல உம்மா, எனக்குத்தான்" என்றேன், எல்லோருக்கும் கேட்க.

என் கூடப்பிறந்த மூத்த காக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "வெக்கமில்லாம இதச் சபையில கதைக்கிறியா?"

"ஓம், கதைக்கிறன். வேலை செஞ்சு உடம்புக்கு வந்த வருத்தம் இது. இவ்வளவு நாளும் அவ பேச்சு வாங்கக்குள்ள உங்களுக்கு வெக்கம் வரல்லியே?"

என் மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

கையுறையும் முகமூடியும் இல்லாமல் இனி வயலில் இறங்க மாட்டேன் என்று வயல்காரரிடமும் சொல்லிவிட்டேன். வேறு ஆள் பிடிப்பேன் என்றார். பிடியுங்கள் என்றேன்.

வைத்தியம் நடக்கிறது, பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. என்னை ஆம்பிளை இல்லை என்கிறவர்கள் சொல்லட்டும். அந்தப் பெருநாளன்றுதான் நான் அவளுக்குப் புருசனானேன்.