மூடி திறக்காத பாட்டில்

அக்கா, நம்ம ஊரில் இத்தனை துப்பறிவாளர்கள் இருக்கிறார்கள் என்று நீ போன அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குடவாசல் பஸ் ஸ்டாண்டு கடையில் பழைய மர்ம நாவல்களாக வாங்கிவந்து யூரியா சாக்கில் கட்டிவைத்தாயே, அதில் ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்கள் அரை நிமிஷத்தில் கேஸை முடித்துவிட்டார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும் என்று நீயே கதையைச் சொல்லிவிடுவாய். கொன்றது யாரென்று கடைசிவரை மறைக்கிற கதை. உள்பக்கம் தாழ் போட்ட அறைக்குள் பிணம் கிடக்கிற கதை. போலீஸ்காரர் தெருத்தெருவாக அலைந்து விசாரித்துக் கண்டுபிடிக்கிற கதை. வீட்டில் காபி குடித்துக்கொண்டே ஒரு அம்மாள் கண்டுபிடித்துவிடுகிற கதை. முடிவுக்கு முன்னால் நிறுத்தி, ஆள் யாரென்று சொல் என்பாய். ஒரு தடவைகூட நான் சரியாகச் சொன்னதில்லை.

கொலைகாரனை முதல் பக்கத்திலேயே காட்டிவிடுகிற வகை ஒன்று உண்டு. அது எனக்குப் பிடிக்காது. தெரிந்த பிறகு என்ன இருக்கிறது என்பேன்.

"அதுலதான்டா பயமே. அவன் மாட்டுற வரைக்கும் அவன்கூட நாமளும் தூங்காம முழிச்சிருக்கணும்" என்பாய்.

அன்று காலை குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும்போது இன்ஜினில் டீசல் தீர்ந்துவிட்டது. கொல்லையில் இருக்கிற டீசலை எடுத்துவரச் சொல்லி உனக்குப் போன் போட்டுவிட்டு, நான் டீ குடிக்கப் போனேன். டீசலை நான் ஊற்றிவைத்திருந்தது பழைய பூச்சிமருந்து பாட்டிலில். நம்ம பக்கம் எந்த வீட்டில்தான் காலி மருந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்?

வரப்பில் உன்னைப் பாம்பு கொத்திவிட்டது. நாக்கு குழறிக் கிடந்தாய். பக்கத்தில் அந்தப் பாட்டில். பக்கத்து வயல்காரர் பார்த்தார், மருந்து குடித்துவிட்டாள் என்றார். தீர்ப்பு ஆகிவிட்டது. பாட்டிலின் மூடி இறுக்கியபடியே இருந்தது. மூடியைத் திறக்காமலே மருந்து குடித்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். தாழ் போட்ட அறைக் கதையெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்துப் புகட்டி, வாந்தி எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். உன் காலில் அப்பியிருந்த சேற்றை ஒருவரும் கழுவவில்லை.

நான் வருவதற்குள் உன்னை வேனில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேற்றைக் கழுவிய டாக்டரம்மா பல் பட்ட இடத்தை எனக்குக் காட்டினார். "நேரா இங்க கொண்டாந்திருந்தா பொழைச்சிருக்கும் தம்பி" என்றார்.

ஊர் அதோடு விடவில்லை. காபி குடிக்கிற அம்மாள் வேலையை எதிர்வீட்டு அத்தை எடுத்துக்கொண்டார். காதல் விவகாரமாம். காலையில் நீ போனில் பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனதைப் பார்த்தாராம். நீ பேசியது என்னிடம்தான். பாம்புக்கடி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும், குடும்ப மானத்துக்காக நாங்கள் மறைக்கிறோம் என்றார்கள். தானாக உயிரை விட்டவள் என்று பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை.

அத்தை வந்திருந்தார். வரப்பிலிருந்து எடுத்துவைத்திருந்த பாட்டிலைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"மூடியத் தொறந்து மோந்து பாருங்க அத்தை. டீசல். இதுல ஊத்தி வச்சது நான். கொண்டாரச் சொன்னதும் நான்."

அவர் முகர்ந்து பார்த்தார். மூடியைத் திரும்பப் போட அவர் கை வரவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

சொல்லியிருக்கலாம்தான். முதல் பக்கத்துக் கொலைகாரன் பதினாறு நாள் வாயைத் திறக்கவில்லை. அவனோடு முழித்திருக்க நீயும் இல்லை, அக்கா.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் எங்கள் அக்காவுக்காக ஒரு நிமிஷம் சாமி கும்பிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. தம்பிக்கு டீசல் கொண்டுபோன பெண் என்று சொல்லிக் கும்பிடுங்கள்.