வலிக்காத கடி

அலிபிரி போகும் ரோட்டில், எங்கள் வாடகை வீட்டுக்குக் கீழே ஒரு கலர் மீன் கடை இருக்கிறது. மாலை நேரங்களில் அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணவருக்கு ரேணிகுண்டா பக்கம் ஷிஃப்ட் வேலை. திருத்தணியிலிருந்து வந்து மூன்று வருடமாகியும் என் பி.எஸ்சி.க்கு வேறு வேலை அமையவில்லை. யு.கே.ஜி. முடிந்து வரும் மகள் கடையில் என்னோடு இருப்பாள்.

கடைக்காரர் சித்தூர்க்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "உப்புத் தண்ணித் தொட்டியில மட்டும் யாரும் கைய வெக்கக்கூடாதும்மா. கையில சோப்பு கீப்பு இருந்தா மீனு செத்துப்பூடும்."

அன்று ஒருவருக்குத் தங்கமீன் பை கட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை நனைந்து மகள் வந்து நின்றாள்.

"அம்மா, சேப கடிச்சிச்சி."

"மீனுன்னு சொல்லு," என்றேன். ஸ்கூலில்தான் தெலுங்கு, வீட்டிலாவது தமிழ் இருக்கட்டும் என்பது என் கவலை. கடித்தது என்று அவள் சொன்னது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அதைவிட அதிகமாக நனைந்த கை உறைத்தது.

"உப்புத் தண்ணியில கைய வுட்டியா?"

"கிளிப் வுழுந்திச்சி. எடுக்கப் போனேன். அந்த மஞ்ச மீனு கடிச்சிச்சி."

மஞ்சள் மீன் என்றால் ஃபேங் பிளென்னி. பவளப்பாறைக் கடலில் வாழும் இனம், என் விரல் நீளம்கூட வராது. கல் பொந்தில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கும் முகம் அதற்கு.

"வலிச்சிதா?"

"இல்ல."

"கடிச்சா வலிக்கும். வலிக்கலன்னா கடிக்கல. திட்டுவேன்னு கதை சொல்றியா?"

விரலை நீட்டிக் காட்டினாள். நுனியில் ஊசி முனை அளவில் இரண்டு புள்ளிகள், சுற்றிலும் லேசான சிவப்பு. பென்சில் குத்தியிருக்கும் என்றேன். முந்தின வாரம்தான் டப்பா சாப்பாட்டை நாய்க்குப் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தாள். பொய் பழகிவிடுகிறதோ என்ற பயம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. கல்லாவுக்கு மேலே இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் நிறுத்தி, பத்து தோப்புக்கரணம் போடச் சொன்னேன். வாடிக்கையாளர் நிற்கும்போதே.

போட்டாள். அழவில்லை. அந்த ஒரு விரல் மட்டும் காதைத் தொடாமல் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

"இனிமே பொய் சொல்லமாட்டேன்," என்று அவளே சொல்லி முடித்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் பெரிய தொட்டியைக் கழுவுவதற்காக, அதிலிருந்த ஒரு சாண் நீளக் களவா மீனை மஞ்சள் மீன் இருந்த தொட்டிக்கு மாற்றினார். கொஞ்ச நேரத்தில் அது மஞ்சள் மீனை விழுங்கிவிட்டது. நான் பதறி, "அண்ணா, துன்னுடுச்சி," என்றேன்.

"இரும்மா, துப்பும் பாரு."

களவாவின் செவுள்கள் நடுங்கின. வாய் அகலமாகத் திறந்து அப்படியே நின்றது. சின்ன மீன் ஒன்றும் நடக்காததுபோல வெளியே நீந்தி வந்து பொந்தில் உட்கார்ந்தது.

"உள்ள போய் கடிச்சிட்டு வந்துடுச்சி. கீழ்த்தாடையில ரெண்டு கோரப்பல்லு கீது, அதுல வெசம். ஆனா வலிக்காதுன்னு சொல்றாங்கோ. ரத்த அழுத்தம் எறங்கி, கடி வாங்கினது கிறுகிறுத்துப் போயி வாயத் தொறந்துடும். டிகிரி படிச்சிக்கினு இது கூட தெரியாதா உனுக்கு?" என்று சிரித்தார்.

அவரிடம்கூட விஷயத்தைச் சொல்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்கு ஓடினேன்.

"மீன் கடிச்சிடுச்சி டாக்டர். விஷ மீன்."

"எப்ப?"

"ரெண்டு வாரம் முன்ன."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தார். புள்ளிகள்கூட இல்லை. அப்போது மகள் அவரிடம் தெலுங்கில் தெளிவாகச் சொன்னாள்: மீன் கடிக்கவில்லை, தான்தான் பொய் சொன்னதாக.

டாக்டர் சிரித்துவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது, அம்மாவுக்குத்தான் தூக்கம் வேண்டும் என்றார்.

தெருவில் நிறுத்தி, "ஏன்டி அப்படிச் சொன்ன? கடிச்சிது தானே?" என்றேன்.

"நீ தான கடிக்கலன்னு சொன்ன."

நீ சொன்னதுதான் நிஜம், அம்மாதான் தப்பு என்றேன். இன்னும் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினாள். நான் சொல்வதற்கெல்லாம் அப்படித்தான் தலையாட்டுகிறாள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அதன் பிறகு எதைக் கேட்டாலும், "ஒண்ணும் இல்லம்மா" என்றே பதில். ஒரு நாள் ஜுரத்தோடு ஸ்கூலில் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வலிக்கல, அதான்," என்றாள். மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வரும்போது, அந்த வாக்கியத்தை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் ஷூ மாட்டும்போது அவளாகவே நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, வயித்துக்குள்ள எறும்பு நடக்குற மாரி கீது."

"நெஜமாவா?" என்ற சொல் நாக்கு வரை வந்தது. அன்று ஸ்கூலில் டெஸ்ட் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "எங்க?" என்று கேட்டேன். சட்டையைத் தூக்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் தொட்டுக் காட்டினாள்.

ஷூவைக் கழற்றி வைத்தேன். அது எறும்பா டெஸ்ட்டா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.