அறுநூறு கார் நிற்கிற இடம்

எங்கள் பகுதியில் யாருடைய வண்டி சேற்றில் மாட்டினாலும் முதல் அழைப்பு கொக்கியக்காவுக்குத்தான் போகும். வீட்டுக்காரருக்குச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான். அக்கா சொந்தமாக இழுவை வண்டி வைத்து ஓட்டுகிறவர். வண்டியின் பின்னால் ஓர் இரும்புக் கை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, கயிற்றின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொக்கி. பெயர் அதனால் வந்தது. நிஜப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது.

முதலில் அவர் பள்ளிக்கூட வேன்தான் ஓட்டினார். ஒரு மழை நாளில், சதுப்பு ஓரத்து வளைவில் குறுக்கே வந்த நாய்க்காக ஒடித்ததில் வேன் பதினொரு பிள்ளைகளோடு கோரைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மூன்று மணி நேரம் ஒருத்தரும் வரவில்லை. பிள்ளைகளோ ஜன்னல் வழியாகத் தவளைகளுக்கு ஆசிரியர்களின் பெயர்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் பெயர் வாங்கிய தவளை அசையவே இல்லையாம். மறுநாள் அக்காவுக்கு வேலை போயிற்று. "மாட்டினவங்களை எடுக்க இந்த ஊர்ல ஆளே இல்லையா?" என்று ஒரு வாரம் புலம்பினார். பிறகு ஒரு பழைய லாரியை வாங்கி அதற்குக் கொக்கி மாட்டிவிட்டார். அது நடந்து இருபத்திரண்டு வருடம்.

அந்தச் சதுப்பு பொல்லாதது. சாலையிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று புல்வெளி. காலை வைத்தால் முழங்கால் காணாமல் போகும். வருடத்தில் ஆறு மாதம் தண்ணீராக இருக்கும். மீதி ஆறு மாதம் நிலம் மாதிரி நடிக்கும். அக்கா மதியச் சாப்பாட்டை வண்டிக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்தபடிதான் சாப்பிடுவார். அங்கே சிவந்த மூக்கும் நெட்டைக் காலுமாக உலாவும் நீலக்கோழி ஒன்று நடப்பது அச்சு அசல் தன் மாமியார் போலவே இருப்பதாகச் சொல்வார். மாமியார் காதுபடவும் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் நான்கு மாடிக்கு ஒரு வணிக வளாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. அது அக்காவின் வீட்டுக்குக் கணவர் வழியாக வந்து சேர்ந்தது. கணவர் தையற்காரர். முன்னறையில் ஒரு மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, இஸ்திரி மேசை, அவ்வளவுதான் கடை. கோட்டின் கையைச் சுருக்க வந்த, வளாகம் கட்டும் கம்பெனியின் மேலாளர், வேலைப்பாட்டைப் பார்த்து அசந்துபோய், வளாகத்தின் தரைத்தளத்தில் ஒரு கடை தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து கணவரின் கால் தரையில் பாவவில்லை.

"கண்ணாடிக் கதவும்மா! தள்ளினா தானாத் திறக்கும்."

"தானாத் திறக்கறதை எதுக்குங்க தள்ளணும்?"

"உனக்கு எல்லாத்துலயும் நக்கல்."

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஆறு வருஷம் முன்னாடி பெஞ்ச மழை ஞாபகம் இருக்கா? குளத்தை மூடிக் கட்டின அந்தப் புதுக் குடியிருப்புல நாப்பது காரை இழுத்தேன். ஒரு கார் சீட்டுல மீன் துள்ளிக்கிட்டு இருந்துச்சு. நம்ம தெருவுல கணுக்கால்கூட நனையலை. ஏன்? எல்லாத் தண்ணியையும் அந்தச் சதுப்பு குடிச்சிடுச்சு. அது தலை மேல கடை கட்டினா, தண்ணி நேரா உங்க மிஷின்கிட்ட அளவு குடுக்கத்தான் வரும்."

அன்றிரவு கணவர் வெகுநேரம் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலைக்குப் போன அக்கா சாவியைப் போட நினைத்தபோது, கால்சட்டையின் நான்கு பைகளும் நெருக்கித் தைத்து மூடப்பட்டிருந்தன. தையல் அத்தனை சுத்தம். அக்கா நடுச்சாலையில் நின்று சிரித்தார். அன்று முழுக்கச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

நகராட்சியில் கம்பெனியின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அக்கா போய் நின்றபடியே முழுதும் படித்தார். 'மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் ஈரம் காணப்படும் தரிசு நிலம். வாகனங்களின் எடையைத் தாங்கும் உறுதியுள்ளது' என்று அதில் இருந்தது. கோரை அடர்ந்த நட்டநடுவில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, 'வாகன நிறுத்துமிடம், அறுநூறு கார்கள்' என்று எழுதியிருந்தார்கள். ஆட்சேபம் தெரிவிப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம், பிறகு மாடி மண்டபத்தில் பொது விசாரணை நடக்கும் என்றார் எழுத்தர். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அக்கா எழுதியது மூன்றே வரி.

'விசாரணையை மண்டபத்தில் வைக்காமல் அந்த இடத்திலேயே வைக்கலாம். வருகிறவர்கள் வண்டியைப் படத்தில் காட்டிய நிறுத்துமிடத்திலேயே நிறுத்தலாம். அறுநூறு வண்டிக்கு இடம் இருக்கிறது என்று போட்டிருக்கிறது.'

விசாரணை அதிகாரி, ஓய்வுபெற எட்டு மாதமே இருந்த ஓர் அம்மாள். முழங்கால் வலிக்காரர். மண்டபத்தின் மாடிப்படி அவருக்கு ஜென்ம விரோதி. படியேறாத விசாரணை என்றதும் உடனே ஒப்புக்கொண்டார். இடத்தையே நேரில் காட்டிவிடலாம் என்று மேலாளருக்கோ இரட்டிப்புச் சந்தோஷம். இரண்டு லாரி சரளையை வரவழைத்துப் பரப்பி, மேலே பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கினார். அந்த லாரிகள் சரளையைச் சாலையில் நின்றபடியேதான் கொட்டின. ஓட்டுநர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

மழை நின்று இரண்டு வாரமாகியிருந்தது. மேல்மண் காய்ந்து பொருக்குத் தட்டி, பார்க்க யோக்கியமாக இருந்தது. காலை பத்து மணிக்கு ஒன்பது கார்கள் வந்தன. அக்கா நுழைவில் நின்று மேலாளரிடம், "சார், ஒரு தடவை சொல்லிடறேன். இங்க நிறுத்தாதீங்க" என்றார்.

"அக்கறைக்கு நன்றிம்மா. இது நிறுத்தறதுக்குன்னே இருக்கற இடம்" என்று சொல்லி, தன் வெள்ளைக் காரை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார் மேலாளர். அதிகாரியின் கார் அதற்குப் பக்கத்தில். அக்கா தன் வண்டியைத் தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. பிறகு சாப்பிட நேரமிருக்காது என்று அவருக்குத் தெரியும்.

மேலாளர் திரையில் படங்கள் காட்டிப் பேசினார். எத்தனை பேருக்கு வேலை, எத்தனை கடை, எத்தனை நகரும் படிக்கட்டு. முதல் வரிசையில் கணவர் மொடமொடவென்ற சட்டையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "இந்தத் தரையோட உறுதியைப் பத்திச் சொல்லணும்னா..." என்று மேலாளர் தொடங்கியபோது, அவருக்குப் பின்னால் வெள்ளைக் கார் மெதுவாக மூக்கைத் தாழ்த்தியது, பெரியவர்களைப் பார்த்ததும் சின்னவர்கள் குனிவது போல. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து அவரும் சிரித்தார். அதற்குள் பக்கத்துக் காரின் சக்கரம் பாதி மறைந்துவிட்டது. பந்தல் கால் ஒன்றும் சாய்ந்தது. திரும்பிப் பார்த்த மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி எழுந்து அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க கடிதத்துல இங்க நிறுத்தலாம்னுதானே எழுதியிருந்தீங்க?"

"நிறுத்தலாம்னுதாம்மா எழுதினேன். எடுக்கலாம்னு எழுதலையே."

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான். அக்கா வண்டியிலிருந்து ஆளுயரக் கம்பியைக் கொண்டுவந்தார். எந்த வண்டியை இழுப்பதற்கு முன்னும் ஆழம் பார்க்கும் கம்பி அது. சரளையை விலக்கி ஒற்றைக் கையால் அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவது போல முழுதும் இறங்கியது. பத்தடி தள்ளிக் குத்தினார். அங்கேயும் அதே கதை. "குடுங்க, நான் பார்க்கறேன்" என்று வாங்கிய அதிகாரி கம்பியை இறக்கினார். கூடவே தன் ஒரு செருப்பையும் இழந்தார். ஒற்றைச் செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் எழுதினார்.

பிறகு இழுவை ஆரம்பித்தது. "சம்பளத்துக்கு ஓட்டறவங்க வண்டி முதல்ல" என்று அக்கா சொல்லிவிட்டார். பலகை போட ஆள் தேவைப்பட்டது. கணவர் எழுந்து, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். காலையில் 'அம்மா' என்ற மேலாளர் மூன்றாவது கார் வெளியே வந்தபோது 'மேடம்' என்றார். ஏழாவதில் 'அக்கா' ஆகிவிட்டார். அவருடைய கார் ஒன்பதாவதாக வெளியே வந்தபோது கதவு இடுக்கிலிருந்து ஒரு தவளை குதித்துப் போனது.

வீடு திரும்பும் வழியில் கணவர் சொன்னார். "என் கடை போச்சு."

அதுவரை வாய் ஓயாத அக்கா வண்டியை ஓரங்கட்டினார். முப்பது வருடமாக முன்னறையிலேயே குனிந்து தைத்த மனிதர் ஒரு கண்ணாடிக் கதவுக்கு ஆசைப்பட்டார்; அதில் என்ன தப்பு? "ரயில் நிலையம் பக்கம் மூடிக் கிடக்கே நூல் மில்லு, அங்க தரை பாறை மாதிரி இருக்கும். அவங்க அங்க கட்டினா உங்களுக்குக் கடை கேட்டு நானே போய் நிப்பேன்" என்றார். சொன்னபடி நிற்கவும் செய்தார், மூன்று தடவை.

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. சதுப்பில் கட்டக் கூடாது. கம்பெனி மில் நிலத்துக்குப் போகலாம். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. சாலையை அகலப்படுத்தச் சதுப்பில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வளைவில் தடுப்புக் கம்பி வைத்துவிட்டார்கள். அதனால் அங்கே வண்டிகள் விழுவதில்லை, அக்காவின் தொழிலில் பாதி படுத்துவிட்டது. "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். வளாகம் மூன்று மாடியோடு நின்றது. கணவருக்குத் தரைத்தளம் கிடைக்கவில்லை, இரண்டாம் மாடிதான். ஆனால் கதவு கண்ணாடி.

திறந்த வாரத்தில் அக்கா கடையைப் பார்க்கப் போனார். கதவு முன்னால் நின்று நாலு தடவை திறக்க வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தால், நிறுத்திய வண்டியைக் காணோம். வண்டி நிறுத்தும் தளங்கள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. அரை மணி நேரம் சுற்றிக் களைத்து ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டார். காவலாளி வந்து, "என்ன வண்டிம்மா?" என்று கேட்டார்.

"இழுவை வண்டி."

காவலாளி கொஞ்சம் யோசித்தார். "எங்கயாவது மாட்டிக்கிச்சாம்மா? இங்க ஒரு அக்கா இருக்காங்களாம், கூப்பிட்டா உடனே வருவாங்களாம். நம்பர் தரட்டுமா?"

"குடுங்க தம்பி," என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல்.